நடுப்பகுதி நமது, இரு முனைகளும் பொது!

தொடர்வண்டி ஒன்று பாலத்தின்மேல் ஏறும்போது, உரையாடிக்கொண்டிருப்போரும் பேச்சை நிறுத்திச் சன்னல் பக்கம் திரும்புவர். சக்கரங்களின் ஓசை மாறுகிறது, தரை விலகுகிறது, கீழே நீரோ மணலோ தெரிகிறது. குழந்தைகள் மட்டுமல்லர், நரைத்த தலையினரும் அந்த ஒரு நிமிடம் குழந்தைகளாகிவிடுகின்றனர். இந்த வியப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, மேசையளவில் அமைத்துக் காணவேண்டும் என்னும் ஆவலே மாதிரி இருப்புப்பாதைக் கலையின் தாய் எனலாம்.

மாதிரி இருப்புப்பாதை என்றதும், சாவி கொடுத்தால் வட்டமிட்டு ஓடும் தகர வண்டி பலர் நினைவுக்கு வரக்கூடும். நாம் ஈண்டுக் கூறவிருப்பது அதுவன்று. தண்டவாளம், நிலையம், மலை, ஆறு, பாலம், மரம், மனிதர் ஆகிய யாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கி அமைத்து, மின்விசையால் வண்டிகளை ஓட்டிக் காட்டும் கைவினை இது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் கற்றறிந்த பெரியோரும் இதற்கெனப் பல்லாண்டுகள் உழைக்கின்றனர். அமெரிக்காவில் இக்கலையினரின் தேசியச் சங்கம் 1935-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

இக்கலையில் ஒரு கிளை நம் குடும்பங்களின் கவனத்துக்கு மிகவும் உரியது. பலர் தத்தம் இல்லங்களில் ஆளுக்கொரு துண்டு இருப்புப்பாதை செய்கின்றனர். பின்னர் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் கூடுகின்றனர். முன்பின் அறியாதவர் செய்த துண்டுகளும் அருகருகே வைத்து இணைக்கப்படுகின்றன. ஒருவருடைய மலையிலிருந்து புறப்படும் வண்டி, மற்றொருவருடைய வயலைக் கடந்து, மூன்றாமவருடைய பாலத்தின்மேல் ஏறி இறங்குகிறது. இஃது எங்ஙனம் இயலும்? அதற்குரிய விதி என்ன? அத்தகைய ஒரு துண்டில் பாலம் அமைப்பது எவ்வாறு? இவற்றைச் சிறிது காண்போம்.

இடமின்மையில் பிறந்த எண்ணம்

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில் இருந்த சில ஆர்வலர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. அப்பகுதியின் வீடுகள் பலவற்றில் நிலவறை கிடையாது. பெரிய மாதிரிப் பாதை அமைக்க ஓர் அறை முழுவதும் வேண்டும். அந்த அறையோ இல்லை. ஆகவே, ஒவ்வொருவரும் வாயிற்கதவு வழியே எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பலகை மட்டும் செய்வது, எல்லாப் பலகைகளும் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒரு பொது அளவை ஏற்பது என்று முடிவு செய்தனர். இவ்வாறு பிறந்ததே 'என்-டிராக்' என்னும் முறை. 1974-இல் அது பொது மக்கள் முன் காட்டப்பட்டது. அதன்பின் பல நாடுகளுக்கும் பரவிற்று. ஐரோப்பாவில் 1981-இல் தோன்றிய 'ஃப்ரெமோ' என்னும் நண்பர் குழுவும் இதே எண்ணத்தை வேறு அளவுகளில் கையாள்கிறது.

'என்' என்பது அளவின் பெயர். இவ்வளவில் தண்டவாளங்களின் இடையகலம் 9 மில்லிமீட்டர். ஒன்பது என்னும் எண்ணுக்கு ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளில் வழங்கும் சொற்கள் யாவும் 'என்' என்னும் எழுத்தில் தொடங்குவதால் அப்பெயர் பொருத்தமாயிற்று. உலகில் மிகுதியாக வழங்கும் இருப்புப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 160-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 கிடைக்கும். எனவே அமெரிக்க, ஐரோப்பிய 'என்' அளவில் எல்லாப் பொருளும் 160-இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. ஆறடி உயர மனிதன் அரை அங்குலத்துக்கும் குறைவாக நிற்பான்.

பொது அளவு என்றோமே, அதன் விவரம் இது. பலகையின் அகலம் 2 அடி. வழக்கமான நீளம் 4 அடி. தரையிலிருந்து தண்டவாளத்தின் உச்சி 40 அங்குலம். பார்வையாளர் நிற்கும் முன்விளிம்பையொட்டி மூன்று முதன்மைப் பாதைகள் செல்லும். அவை விளிம்பிலிருந்து முறையே 4, ஐந்தரை, 7 அங்குலத் தொலைவில் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என அவற்றுக்குப் பெயர். இந்த அளவுகள் பலகையின் இரு முனைகளிலும் இம்மியும் பிசகாதிருத்தல் வேண்டும். நடுவிலோ, செய்பவர் தம் விருப்பம்போல் எதையும் அமைத்துக்கொள்ளலாம். பாலைவனமா, பனிமலையா, துறைமுகமா, தோட்டமா என்று எவரும் கேட்பதில்லை. நடுப்பகுதி முழுவதும் அவருடையது. இரு முனைகளும் எல்லாருக்கும் உரியவை.

பாலம் ஏன்?

தட்டையான பலகையில் வீடும் மரமும் வைத்தால், அது எத்துணை அழகாயினும் மேசைமேல் வைத்த பொருளாகவே தோன்றும். ஏனெனில் உலகில் நிலம் பாதைக்கு மேலே உயர்வதுபோலவே பாதைக்குக் கீழேயும் தாழ்கிறது. பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தைக் காட்டிவிட்டால், பலகை என்னும் எண்ணம் மறைந்து நிலம் என்னும் எண்ணம் பிறந்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்வது பாலமே.

எப்பாலத்தைத் தேர்வது? பெரும்பாலங்கள் சுருக்கினாலும் பெரியவையே. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தின் பெருங்கண் ஒன்றின் நீளம் 1,710 அடி. 160-இல் ஒரு பங்காக்கினாலும் அஃது ஒன்றே பத்தரை அடிக்கு மேல் நீளும். நான்கடிப் பலகையில் அடங்காது. எனவே நம் பலகைக்கு ஏற்ற பாலத்தை நாட வேண்டும்.

தென் கலிஃபோர்னியாவிலேயே அதற்கொரு நல்ல சான்று உண்டு. பாலைநிலத்து மலையிடுக்கு ஒன்றில் 'கோட் கேனியன்' மரப்பாலம் நிற்கிறது. 1932-இல் சுரங்கவழி ஒன்று இடிந்துபோகவே, பாதையை வேறு பக்கமாகத் திருப்பி, 1933-இல் அப்பாலத்தைக் கட்டி முடித்தனர். அதன் உயரம் 186 அடி. பாலைநிலத்தின் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் இரும்பை நீட்டிச் சுருக்கும் என்று கருதியே மரத்தைத் தேர்ந்தனர் என்பர். 'என்' அளவில் அதன் உயரம் 14 அங்குலமே. இப்பாலத்தின் சாயலில், சற்றுச் சிறியதாக, 24 அங்குல நீளமும் 9 அங்குல ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தைக் கடக்கும் பாலத்தை எண்ணிப் பார்ப்போம். உண்மையளவில் அது 320 அடி நீளமும் 120 அடி உயரமும் ஆகும்.

மூன்று பாதைகளும் அப்பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். முன்னிரு பாதைகளை மெல்லிய இரும்புத் தூண்களின்மேல் உத்தரப் பாலமாக அமைத்து, பின்பாதையை மரப்பாலமாக அமைத்தால், பழையதும் புதியதும் அருகருகே நிற்கும் காட்சி கிட்டும். இரும்புத் தூண்களின் இடைவெளி வழியே பின்னாலுள்ள மரப்பாலமும் தெரியும்.

சட்டத்தை வெட்டும் சங்கடம்

பாலமில்லாத பலகைக்குச் சட்டம் செய்வது எளிது. நான்கு பக்கமும் மரச்சட்டம், மேலே ஒட்டுப்பலகை, கீழே நான்கு கால், அவ்வளவே. பெட்டி போன்ற அமைப்பாதலால் தானே உறுதியாக நிற்கும். பள்ளம் வேண்டுமெனில் அந்தப் பெட்டியை நடுவில் வெட்ட வேண்டும். முன்புறச் சட்டத்தையும் பள்ளத்தின் வடிவுக்கேற்பத் தாழ்த்த வேண்டும். இல்லையெனில் பாலம் பார்வையாளரின் கண்ணுக்கு மறைந்துவிடும். வெட்டியபின், இரு முனைகளும் உயர்ந்தும் நடு தாழ்ந்தும், கைப்பிடியுள்ள தட்டு போன்ற வடிவம் கிடைக்கிறது. ஆனால் இரு முனைகளும் இப்போது ஆட்டங்கண்ட நாற்காலியின் முதுகைப்போல் முன்னும் பின்னும் அசையத் தொடங்கும்.

இங்கேதான் பாலப் பலகையின் முழுச் சங்கடமும் இருக்கிறது. எந்த இடத்தில் தம் விருப்பப்படி அழகு செய்ய முற்பட்டாரோ, அந்த இடமே முனைகளின் நேர்மையைக் கெடுக்கிறது. ஆகவே பள்ளத்தின் அடித்தளத்தில் நல்ல கனமான ஒட்டுப்பலகையை நெடுக இட்டு, முனைப்பலகைகள் நிற்கும் மூலைகளில் முக்கோணத் தாங்கல்களை உட்புறம் ஒட்டித் திருகாணியால் முடுக்க வேண்டும். முக்கோணம் மட்டுமே தன் வடிவை எளிதில் இழக்காத உருவம். ஒவ்வொரு மூலையையும் மூலைமட்டத்தால் சரிபார்த்தல் இன்றியமையாதது. பின்னர் மரம் முழுவதற்கும், வெளியே தெரியாத அடிப்பக்கத்துக்குங்கூட, வண்ணம் பூசிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய மரம் மழைக்காலத்தில் மறுபக்கம் ஈரத்தை உண்டு வளைந்துகொள்ளும்.

தேர்ந்தவர்கள் மற்றொரு முறையையும் கையாள்வர். பள்ளத்தின் குறுக்கே முதலில் ஒரே நீளமான பாதைப் பலகையை முனைக்கு முனை இட்டு, ரசமட்டம் வைத்து நேர்பார்த்து நிலைநிறுத்துவர். முனைகள் உறுதியாக அமைந்தபின்னரே நடுவிலுள்ள பகுதியை அறுத்தெடுத்து, அவ்விடத்தில் பாலத்தைப் பொருத்துவர். முதலில் முனை, பின்னரே நடு. இதுவே அவர்கள் ஒழுங்கு.

தீக்குச்சியினும் மெல்லிய உத்தரங்கள்

மரப்பாலத்தின் அமைப்பைக் காண்போம். பல நிலைக்கால்களை வரிசையாக நிறுத்தி, மேலே ஓர் உச்சிக்கட்டையும் கீழே ஓர் அடிக்கட்டையும் பொருத்தினால் ஒரு கால்வரிசை ஆகும். நடுக்கால்கள் செங்குத்தாக நிற்கும். ஓரக்கால்கள் கீழே செல்லச் செல்ல வெளிப்புறம் சாய்ந்து, காலை அகற்றி நிற்கும் மனிதனைப்போல் பாலத்தைக் காக்கும். காற்றும், ஓடும் வண்டியின் அசைவும் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது அதை எதிர்ப்பவை இச்சாய்வுக் கால்களும், குறுக்கே பெருக்கல் குறிபோல் அடிக்கப்படும் பலகைகளுமே. இத்தகைய கால்வரிசைகள் ஏறத்தாழ 15 அடிக்கு ஒன்றாக நிறுத்தப்படும். நம் 320 அடிப் பாலத்துக்கு இருபது கால்வரிசைகள் தேவை.

உண்மைப் பாலத்தில் நிலைக்கால் ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரமான மரம். 160-இல் ஒரு பங்காக்கினால் அது 2 மில்லிமீட்டரினும் சற்றுக் குறைவு, தீக்குச்சியைவிட மெல்லியது. அத்தகைய நூற்றுக்கணக்கான குச்சிகளை ஒரே அளவில் நறுக்க வேண்டும். அளவுப் படத்தைத் தாளில் வரைந்து ஒரு பலகையில் ஒட்டி, அதன்மேல் பசை பிடிக்காத மெழுகுத்தாளைப் பரப்பி, கோடுகளின் இருபுறமும் குண்டூசிகளை நட்டுவிட்டால், அது கால்வரிசைகளுக்கு அச்சாகப் பயன்படும். குச்சிகளை அதனுள் அடுக்கிப் பசையிட்டுக் காயவைத்தால், இருபது கால்வரிசைகளும் ஒன்றுபோல் அமையும். ஒட்டுவதற்கு முன்பே குச்சிகளை நீர்த்த கறுப்பு மையில் தோய்த்தெடுப்பது நலம். பசை பட்ட இடத்தில் பின்னர் நிறம் ஏறாது.

கால்வரிசைகளை நிறுத்தும் முறை வியப்பானது. பாலத்தைத் தலைகீழாகவே கட்டுவர்! சமமான பலகையின்மேல் உச்சிக்கட்டைகளைக் கீழாக வைத்து ஒவ்வொன்றாக இணைத்தால், மேற்பரப்பு முழுதும் ஒரே மட்டமாக அமைந்துவிடும். பின்னர் நிமிர்த்திப் பள்ளத்தில் பொருத்தி, கால்களின் அடிவரை மண்ணையும் பாறையையும் உயர்த்திக்கொள்வர். பாதையின் மட்டமே அடிப்படை. நிலம் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும்.

பாதையிலும் சில நுட்பங்கள் உண்டு. தரைமேல் செல்லும் பாதையில் சரளைக் கற்கள் நிரப்பப்படும். இத்தகைய திறந்த பாலத்தில் சரளை இல்லை. குறுக்குக் கட்டைகள் தரையிலிருப்பதைவிட நெருக்கமாக இடப்படும். அவற்றின் இடைவெளியில் கீழேயுள்ள பள்ளம் தெரியும். இரு தண்டவாளங்களுக்கும் உட்புறத்தில் மேலும் இரு காப்புத் தண்டவாளங்கள் இருக்கும். சக்கரம் ஒருவேளை தடம் பிறழ்ந்தாலும், வண்டி பக்கவாட்டில் சென்று கீழே விழாமல் பாலத்தைக் கடக்கும்வரை அவை பிடித்துக்கொள்ளும். அடுத்தமுறை பாலத்தைக் கடக்கும்போது நம் சிறுவர்க்கு இதைச் சுட்டிக்காட்டலாம்.

விழாத பாலமும் நேர்மையும்

இங்கே சிந்திக்கத்தக்க ஒரு கணக்கு உள்ளது. ஒரு பொருளின் நீளத்தை 160-இல் ஒரு பங்காக்கினால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 25,600-இல் ஒரு பங்காகும். எடையோ 40,96,000-இல் ஒரு பங்காகிவிடும். பொருளின் தாங்கும் வலிமை குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே வலிமை குறைந்ததைக் காட்டிலும் எடை 160 மடங்கு மிகுதியாகக் குறைந்துவிடுகிறது. இதன் பொருள் என்ன? மாதிரிப் பாலத்தில் பாதிக் கால்களை எடுத்துவிட்டாலும் அது விழாது! குறுக்குப் பலகைகள் ஒன்றுகூட இல்லாவிடினும் சிறு வண்டி அதன்மேல் இனிதே ஓடும். தவறு செய்தால் தண்டிக்க அங்கே இயற்கை இல்லை.

ஆயினும் நல்ல கைவினைஞர் ஒரு பலகையையும் விடுவதில்லை. உண்மைப் பாலத்தில் எந்த மரம் எந்தச் சுமையை ஏற்கிறது என்று கற்றறிந்து, அந்த மரத்தை அந்த இடத்தில் வைக்கின்றனர். விழாது என்று தெரிந்தும், விழக்கூடிய பாலத்தைக் கட்டுவதுபோலவே கட்டுகின்றனர். இந்த நேர்மையே அதைப் பொம்மையினின்று பிரித்து மாதிரி ஆக்குகிறது.

மாதிரிப் பாலங்கள் உயிர்காத்த வரலாறும் உண்டு. வேல்சு நாட்டின் மெனாய் நீரிணையில் பிரிட்டானியா பாலம் கட்டுமுன், பொறியியலாளர் ஃபேர்பேர்ன் ஆறில் ஒரு பங்களவில் மாதிரி செய்து, அஃது உடையும்வரை எடையேற்றினார். உடைந்த இடத்தை வலுப்படுத்தி மீண்டும் உடைத்துப் பார்த்தார். அவ்வாறு கற்றதைக்கொண்டே 1850-இல் அப்பாலம் திறக்கப்பட்டது.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, புயற்காற்றில் ஸ்காட்லாந்தின் டே பாலம் இடிந்து விழுந்தது. அதன்மேல் சென்றுகொண்டிருந்த வண்டியில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றின் விசையைக் கணக்கில் கொள்ளாமையும், வார்ப்பிரும்பு வேலையின் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. அதன்பின் ஃபோர்த் பாலம் கட்டப்படும்போது மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அதை வடிவமைத்தோருள் ஒருவரான பெஞ்சமின் பேக்கர், 1887-இல் இலண்டனில் ஓர் எளிய மாதிரியைக் காட்டினார். இருவர் நாற்காலிகளில் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினர். அவர்தம் கைகளுக்கும் நாற்காலிக்கும் இடையே கோல்கள் முட்டுக்கொடுத்தன. வெளிப்புறக் கைகள் கீழே இருந்த எடைகளோடு பிணைக்கப்பட்டன. உட்புறக் கைகளின் இடையே தொங்கிய இருக்கையில் கைச்சி வாத்தனபே என்னும் ஜப்பானியப் பொறியியலாளர் அமர்ந்தார். கைகள் இழுவிசையையும் கோல்கள் அழுத்தத்தையும் ஏற்க, அவர் அசையாமல் இருந்தார். கணக்கு அறியாதவருக்கும் பாலம் நிற்கும் காரணம் விளங்கிற்று. 1890-இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது.

நிலமும் நீரும் நினைவும்

பாலம் முடிந்தபின் நிலத்தை அமைப்பது எளிதும் இன்பமுமான வேலை; சிறுவர் பெரியோர் யாவரும் கைகொடுக்கலாம். நுரைப்பலகைத் துண்டுகளை அடுக்கிக் கத்தியால் செதுக்கினால் மலைச்சரிவு. பாறைகளின் மேல் இரப்பர் பாலைப் பூசி எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வார்த்தால் பாறை. மிக நீர்த்த கறுப்பும் பழுப்புமான வண்ணங்களைப் பலமுறை வழியவிட்டால், அவை பிளவுகளில் தங்கி நிழல்போல் தோன்றும். வண்ணமூட்டிய மரத்தூள் புல்லாகும். உலர்ந்த செடிகளின் நுனிக்கிளைகள் மரங்களாகும். ஓடை நீருக்குப் பிசினை மெல்லிய படலங்களாகப் பல நாள்களில் ஊற்றுவர். அடியில் ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அது முழுவதும் தரையில் ஒழுகிவிடும். ஆதலின் முன்னரே அடைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாம் சிற்றூரில் 'பெண்டன்' என்னும் காட்சியகம் உள்ளது. ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-இல் இங்கிலாந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர் அதை 1954-இல் நிறுவினார். கூரை வேய்ந்த பழைய வீடுகளும் ஊர்களும் கண்ணெதிரே மறைவதைக் கண்டு, அவற்றை அளவெடுத்து மாதிரியாகவேனும் காக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். அங்கே பொறியியல் மேதை புரூனலின் முறையில் அமைந்த மரப்பாலம் ஒன்றும் மாதிரியாக நிற்கிறது. கார்ன்வாலில் புரூனல் கட்டிய மரப்பாலங்கள் 1930-களுக்குள் முற்றும் மறைந்தன. வண்டிப் போக்குவரத்தை நிறுத்தாமலே எந்த ஒரு மரத்தையும் தனியே கழற்றி மாற்றத்தக்கவாறு அவர் அவற்றை அமைத்திருந்தார். அந்த அறிவு இன்று நூல்களிலும் படங்களிலும், இத்தகைய மாதிரிகளிலுமே வாழ்கிறது.

இக்கலையில் குருவானவர்களும் பெயர் பெற்றுள்ளனர் என்பதைக் கூறாமல் விட மனமில்லை. 1945 முதல் சிறுவர்க்கென இரயில் கதைகள் எழுதிய ஆங்கிலிக்கன் குரு ஆட்ரி, தம் மாதிரிப் பாதையைக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று காட்டியவர். பீட்டர் டென்னி என்னும் மற்றோர் ஆங்கிலிக்கன் குருவின் 'பக்கிங்ஹாம் கிளைப்பாதை' உலகப் புகழ் பெற்றது. துணைக்கு ஆளில்லாத வேளையில் ஒரு நிலையத்தை இயக்க அவரே ஒரு பொறியைச் செய்து, அதற்குத் தம் மகனின் பெயரைச் சூட்டினார். சனிக்கிழமை மாலையில் மறையுரைக்கு அமரவேண்டிய நேரம் அவர்களை எவ்வாறு சோதித்திருக்கும் என்பதை எம் போன்றோர் நன்கு ஊகிக்கலாம்!

இணையும் நாள்

இனி முடிவான தேர்வு. மண்டபத்தில் பலகைகள் வந்து சேர்கின்றன. கால்களின் அடியிலுள்ள திருகாணியைத் திருகி ஒவ்வொன்றையும் ரசமட்டம் பார்த்து நிறுத்துகின்றனர். அடுத்தடுத்த முனைப்பலகைகளைக் கிளாம்பு கொண்டு இறுக்குகின்றனர். நான்கு மூலைகளில் வளைவுப் பலகைகள் வந்ததும் வட்டம் முற்றுப்பெறுகிறது. அடியில் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே மின்கம்பிகள். வீட்டு மின்னிணைப்பில் வருவதுபோல் தடித்தவை. மெல்லிய கம்பியாயின் நெடுந்தொலைவு செல்லும்போது விசை குன்றி, மறுகோடியில் வண்டி ஊர்ந்து நிற்கும். தன் பலகைக்குச் சிறு கம்பி போதும் என்று ஒருவர் எண்ணினால், அதன் விளைவை அனுபவிப்பவர் அவரல்லர், அவருக்கு அப்பால் இருப்பவரே.

தண்டவாள இணைப்பு மிகவும் அழகானது. எந்தப் பலகையிலும் தண்டவாளம் விளிம்புவரை செல்வதில்லை. ஏறத்தாழ இரண்டரை அங்குலம் முன்னதாகவே நின்றுவிடும். இரு பலகைகள் சேரும்போது அவற்றினிடையே 5 அங்குல வெற்றிடம் இருக்கும். அவ்விடத்தில் தனியானதொரு சிறு தண்டவாளத் துண்டை இடுவர். இருவரும் சற்றே பின்வாங்கி நிற்க, இருவருக்கும் பொதுவான ஒன்று அவர்களை இணைக்கிறது.

முதல் வண்டி புறப்படுகிறது. எல்லார் கண்களும் அதைத் தொடர்கின்றன. இணைப்பில் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் சக்கரம் ஏறித் தடம் பிறழலாம். அவ்வாறு ஒரு பலகையில் பிழை நேரின், அப்பலகை மட்டும் நிற்பதில்லை. அந்தப் பாதையில் எல்லாருடைய வண்டிகளும் நிற்கின்றன. ஓராண்டு உழைத்து மலையைச் செதுக்கியவர், மகனோடு சேர்ந்து நிலையம் கட்டியவர், முதன்முறையாகத் தம் சிறு பலகையைச் சுமந்து வந்த மாணவன் யாவரும், எவரோ ஒருவர் கவனியாத ஒரு விளிம்பின் பொருட்டுக் காத்து நிற்பர். பாலம் செய்தவர்க்கு இப்பொறுப்பு இருமடங்கு. அவருடைய சட்டமன்றோ நடுவில் வெட்டப்பட்டது! பார்வையாளர் அவர் பாலத்தை மெச்சுவர். ஆனால் உடனிருக்கும் கைவினைஞர் முதலில் குனிந்து பார்ப்பது அவருடைய முனைகளையே.

இக்கலையை நம் இல்லங்களில் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வண்டியும் தண்டவாளமும் பின்னர் வரட்டும். தீக்குச்சியும் ஈர்க்கும் பசையும் கொண்டு, அளவு விகிதம் பிசகாத ஒரு பாலத்தை விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். அளத்தல், வகுத்தல், காத்திருத்தல், கத்தியைக் கவனமாகக் கையாளுதல் ஆகிய நான்கையும் அது கற்றுத்தரும். அருகில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பாராயின், ஐந்தாவதாக உரையாடலும் அமையும்.

அண்ணன் ஒரு துண்டும் தம்பி ஒரு துண்டும் செய்யட்டும். இருவர் துண்டுகளும் எந்த உயரத்தில், எந்த அகலத்தில் சேரவேண்டும் என்பதை முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதன்பின் யார் எதை அமைத்தாலும் குறை கூற வேண்டியதில்லை. குடும்பத்திலும் ஊரிலும் நாம் பெரும்பாலும் இதை மாற்றியே செய்கிறோம். பிறருடைய நடுப்பகுதி எவ்வாறு இருக்கவேண்டும் என்று இடைவிடாது அறிவுரை கூறுகிறோம். நம் முனையை ரசமட்டம் வைத்துப் பார்க்க மறந்துவிடுகிறோம். நான்கடிப் பலகை கற்பிக்கும் ஒழுங்கு வேறு. விருப்பம்போல் மலையை எழுப்புக, பள்ளத்தைத் தோண்டுக, பாலத்தைக் கட்டுக. ஆனால் அண்டை வீட்டார் நம்மைத் தொடும் அந்த ஒரு விளிம்பை மட்டும் நேராக வைத்திருப்போமாக. வண்டி கடந்து செல்லும்.